சாக்குருவிக்கு ஒரு கம்பு

மதினி, இன்று காலை உங்கள் கம்படியில் ஓர் உருண்டை கிடந்தது. கட்டைவிரல் பருமன், கறுப்பு, இன்னும் ஈரம். தின்ற எலியின் முடியையும் எலும்பையும் ஆந்தை கக்கிப்போட்ட உருண்டை. மூன்று வருடம் கழித்து அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் குதிரைவாலிக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பிறகு நீங்கள் செய்வதுபோலக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். மூன்று எலி மண்டை.

உச்சியில் ஆந்தை உட்காரக் குறுக்குக்கட்டை வைத்து அந்தக் கருவேலக் கம்பை நீங்கள் நட்டபோது ஊரில் என்ன பேச்சுப் பேசினார்கள்! ஆந்தை அலறினால் சாவு விழும் என்று நம்புகிற ஊர். "சாக்குருவிக்கு வீடு கட்டுறீகளாக்கும்?" என்று கேட்டவனிடம், "ஆமாலே, சாவுதான். எலிக்கு" என்றீர்கள்.

மழை பொய்த்த வருடங்களில் எலியும் இல்லை, ஆந்தையும் இல்லை. வராத விருந்தாளிக்கு எதற்கு நாற்காலி என்று நானே கேலி செய்திருக்கிறேன். "மழை பெஞ்சா மொதல்ல எலிதான் பெருகும். ஆந்த பின்னாலதான் வரும். நடுவுல உள்ள நாள நாமதான் பல்லக் கடிச்சுத் தாண்டணும், ஏத்தா" என்பீர்கள்.

நான் தாண்டவில்லை. ஐப்பசியில் மழை கொட்டிய அந்த வருடம், கதிர் முற்றும் முன்பே வரப்பெல்லாம் எலி வளை. உங்களுக்குத் தெரியாமல் கருவாட்டில் மருந்தைக் கலந்து வைத்தேன். நாலாம் நாள் கம்படியில் செத்துக் கிடந்தது, அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஆந்தை. மருந்து தின்ற எலியை அது தின்றிருந்தது. முந்தியில் அள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டீர்கள். "நாலு நாளு பொறுக்க மாட்டாம ஒத்தாசைக்கு வந்ததக் கொன்னுட்டயேடி!" ரெண்டு மாதம் என் முகத்தில் விழிக்கவில்லை. அடுத்த வருடம் எலி திரும்பி வந்தது. ஆந்தை வரவில்லை.

போன வருடம் மழையும் இல்லை, நீங்களும் இல்லை. அருப்புக்கோட்டைக்கு ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அன்று விடியலில் எங்கோ ஆந்தை அலறியதாம். அது போதாதா இந்த ஊருக்கு!

இந்த வருடம் மறுபடி நல்ல மழை, மறுபடி எலி. போன மாதம் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், கடப்பாரையோடு காட்டுக்கு வந்தார். "அக்காளையே கொண்டுபோன சனியன். இதப் புடுங்கிட்டு மருந்து வைப்போம்."

நான் கம்பைக் கட்டிக்கொண்டேன். "மொதல்ல என்னப் புடுங்குங்க. அது யாரையும் கொல்லல. நாந்தான் அதக் கொன்னேன். இந்தத் தடவ பொறுத்துப் பாப்போம்."

பொறுத்ததில் வடக்கு மூலை வெள்ளாமை எலிக்குப் போனது. அதைக் காட்டிக்காட்டி தினமும் திட்டினார். எனக்கும்தான் வயிறு எரிந்தது. மருந்து மட்டும் வைக்கவில்லை.

இன்று அந்த மூன்று மண்டையையும் கொண்டுவந்து அவருடைய டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன்.

"மூணு எலிக்கா இம்புட்டு ஆட்டம்?"

"ஒரு ராத்திரிக்கு மூணு."

கிளாஸைத் தள்ளி எடுத்து டீயைக் குடித்தார்.

அடுத்த வருடம் மழை ஏமாற்றலாம். எலி குறையும், ஆந்தையும் போய்விடும், வெறுங்கம்பைப் பார்த்து இவர்களுக்கு மறுபடி கை அரிக்கும். அரிக்கட்டும். கடப்பாரை இப்போது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, மதினி. வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்கட்டும்.