ஒரு நாள் அனுமதி

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "அம்பாரோ, உன் வீட்டுக்காரர் எப்படி மாறிட்டார் பாத்தியா! மாதா கண்ணத் தொறந்துட்டா." நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். எவோதியோ பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பையன் மாதிரி நின்றார்.

ஜனவரியில் சத்தியம் செய்தார். ஃபாதர் கசிமீரோவுக்கு எதிரில், குவாதலூப்பே மாதா முன்னால் மண்டியிட்டு, ஒரு வருஷத்துக்கு ஒரு சொட்டு தொடமாட்டேன் என்று. ஃபாதர் மாதா படம் போட்ட அட்டையின் பின்னால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை இவர் வண்டியில் கண்ணுக்கு நேரே செருகி வைத்திருக்கிறார். போன கிறிஸ்துமஸுக்குக் குடித்துவிட்டு வண்டியிலேயே பனியில் கிடந்து, இடது கால் சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தவர். அடுத்த தடவை விரலோடு போகாது என்று டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை என் மகள் யாரெலிதான் எனக்கு எடுத்துச் சொன்னாள். பதினாலு வயசுப் பெண். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

இப்போது குடிக்கவில்லை, சரி. பேசவும் இல்லை. ஆப்பிள் தோப்பில் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தால் நேரே கராஜ். அங்கே புல் வெட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். இதற்குப் பெயர்தான் குணமாவதா? வாய்விட்டுக் கேட்டால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

அக்டோபரில் யாரெலிக்குப் பதினைந்து. எங்கள் ஆட்களுக்குப் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் கல்யாணம் மாதிரி பெரிய விழா. சத்தியம் ஜனவரி வரை இருக்கிறதே, அதற்குள் விழா முடிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் மண்டபம் பிடித்தேன்.

ஆகஸ்ட் 29

இன்றும் கராஜிலேயே சாப்பிட்டார். யாரெலிதான் தட்டைக் கொண்டுபோனாள்.

செப்டம்பர் 5, வியாழன்

கோயிலுக்குக் கீழே உள்ள அறையில் வியாழக்கிழமைகளில் பெண்கள் கூடுகிறார்கள். எல்லாம் குடிக்கிறவர்கள் வீட்டுப் பெண்கள். பேக்கிங் ஷெட்டில் என்னோடு ஆப்பிள் பிரிக்கிறவள் இழுத்துக்கொண்டு போனாள். நடத்துவது நெரெய்தா என்கிற புவேர்ட்டோ ரீக்கோக்காரி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். வேலை விட்டு வந்து அழுவதற்கா உட்கார்ந்தோம்?

என் முறை வந்ததும், "என் வீட்டுக்காரர் சத்தியம் பண்ணியிருக்கார், இப்ப குடிக்கிறதில்ல" என்றேன்.

"நல்லதும்மா. குடிச்ச காலத்துல, திங்கக்கிழமை காலைல அவர் எழுந்திரிக்கலன்னா மேஸ்திரிக்கு யார் பதில் சொல்லுவா?"

"என் மக. மேஸ்திரி டேலுக்கு ஸ்பானிஷ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது."

"என்னன்னு சொல்லுவா?"

"நான் சொல்லிக்குடுக்கிறதச் சொல்லுவா. காய்ச்சல், வயித்துப்போக்கு. ரெண்டு தடவ எங்க ஊரு மிச்சோவாகான்ல சித்தப்பா செத்துட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவோதியோவுக்கு இருப்பதே ஒரு சித்தப்பா, அவரும் ஊரில் கல்லு மாதிரி இருக்கிறார். நெரெய்தா மட்டும் சிரிக்கவில்லை. "எந்த வயசுலேர்ந்து அந்தப் பொண்ணு போன் பேசுறா?" என்றாள்.

ஒன்பது வயசிலிருந்து. அதைச் சொன்ன பிறகு ஏனோ யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. இவளுக்கு என்ன தெரியும்? வேலை போனால் இவளா வந்து உலை வைப்பாள்? இனி அந்தப் பக்கம் போகமாட்டேன்.

செப்டம்பர் 12, வியாழன்

போனேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கொழுந்தன் ருத்தீலியோ கலிஃபோர்னியாவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறான். விழா முடியும்வரை இங்கேதானாம். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டான்.

"என்ன அண்ணி, பொண்ணுக்குப் பதினஞ்சு, அப்பன் கையில ஆரஞ்சு ஜூஸா? ஊர் சிரிக்காதா?"

"சத்தியம் இருக்கு."

"அதுக்குத்தான ஃபாதர் இருக்கார்! ஒரு நாளுக்கு அனுமதி வாங்கிக்கலாம். நம்ம ஊர்ல எல்லாரும் வாங்குறதுதான். அன்னிக்கு மட்டும் குடிச்சா பாவம் கிடையாது, மறுநாள் சத்தியம் பழையபடி ஓடும்."

கல்யாணத்துக்கு அனுமதி, பெயர்சூட்டுக்கு அனுமதி என்று என் அப்பாவும் வாங்கியவர்தான். எவோதியோ தலையைக் குனிந்து சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம்டா என்று சொல்வார், இதோ சொல்வார் என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. "ஃபாதர் என்ன சொல்றாரோ பாக்கலாம்" என்றார். எத்தனையோ மாதத்துக்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். முகத்தில் வெளிச்சம் வேறு.

எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கொடுத்துவிட்டார். ஃபாதர் கொடுத்தேவிட்டார்! அதே அட்டையில், பழைய தேதிக்குக் கீழே: அக்டோபர் 12, ஒரு நாள் மட்டும்.

அண்ணனும் தம்பியும் சிரித்துக்கொண்டே வண்டிக்குப் போனபிறகு நான் உள்ளே போய்க் கேட்டேன். "அவர் குடிச்சா ஒரு நாளோட நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா ஃபாதர்?"

"தெரியும்மா. நான் இல்லேன்னு சொன்னா மட்டும் அன்னிக்குக் குடிக்கமாட்டாரா? சத்தியத்த ஒடச்சிட்டோம், இனி நரகம்தான்னு மனசு விட்டுட்டா மனுஷன் எழுந்திரிக்கவே மாட்டார். இது திரும்பி வர ஒரு வாசல்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது, என் வீடுதான் பற்றி எரியப்போகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

யாரெலிக்குப் பாவாடை விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டூலில் நின்றாள், நீலப் பாவாடை, குடை மாதிரி விரிந்து. திரும்பு என்றால் திரும்பினாள். அப்படியே கேட்டாள்: "மா, அப்பாவுக்கு இந்தத் தடவ என்ன நோய் சொல்லட்டும்?"

"எந்தத் தடவ?"

"விழா முடிஞ்சு திங்கக்கிழமை. காய்ச்சல் சொல்லிச் சொல்லி டேல் நம்பமாட்டேங்கிறார். சித்தப்பாவும் இனி சாகமுடியாது. முதுகுன்னு சொல்லட்டுமா? முதுகுன்னா ஒரு வாரம் ஓட்டலாம்."

வீட்டுப்பாடத்துக்கு விடை கேட்கிற குரல். அழுகை இல்லை, கோபமும் இல்லை. தன் பதினைந்துக்கு இந்தப் பெண் பாட்டு தேர்ந்தெடுக்கிறாள், பூ தேர்ந்தெடுக்கிறாள், அப்பாவுக்கு நோயும் தேர்ந்தெடுக்கிறாள்.

இதைச் செய்தது யார்? அந்த ஆளா? அந்த ஆள் குடிச்சான், சரி. பொய் சொல்லிக்குடுத்தது யாரு? நான்தானே! ஸ்டூல்ல ஏத்தி நிக்கவச்சு போனை இவ கையில குடுத்தது நான்தானே!

ஊசி விரலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. பாவாடையில் ரத்தம் படாமல் துடைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

கூட்டத்தில் அந்த டிஷ்யூ பெட்டியை நானே காலி பண்ணினேன். நெரெய்தா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அவர நிறுத்த உன்னால முடியாதும்மா. அது உனக்கே தெரியும். உன் கையில எது இருக்கோ அதப் பாரு" என்றாள். என் கையில் என்ன இருக்கிறது?

அக்டோபர் 6, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல் ஃபாதரிடம் போனேன்.

"நானும் சத்தியம் பண்ணணும் ஃபாதர்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ குடிக்கிறியா அம்பாரோ?"

"இல்ல. பொய் சொல்றேன். அவருக்காக நான் பொய் சொல்லமாட்டேன், என் பொண்ணையும் சொல்லவிடமாட்டேன். ஒரு வருஷத்துக்கு."

"இதுக்கெல்லாம் யாரும் அட்டை கேட்டதில்லையேம்மா." சிரிக்கப் பார்த்தார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். "அவருக்கு வேலை போயிடுமே. யோசிச்சியா?"

"போகும். அவர் செத்தாலும் செத்துடுவார். யோசிச்சேன். வேற ஒண்ணும் யோசிக்கவே இல்ல."

மாதா முன்னால் மண்டியிட்டுச் சொன்னேன். ஃபாதர் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "ஒரு நாள் அனுமதின்னு என்கிட்ட வந்துடாதே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நம்பிக்கையும் இல்லை. பயம்தான் இருக்கிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

விழா முடிந்தது.

மண்டபத்தின் நடுவில் நாற்காலி போட்டு யாரெலியை உட்காரவைத்தார்கள். எவோதியோ முட்டி போட்டு அவள் தட்டைச் செருப்பைக் கழற்றி, இனி பெரியவள் என்பதற்கு அடையாளமாகக் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிட்டார். வார் மாட்ட வரவில்லை. அவளே குனிந்து அவர் விரலைப் பிடித்து வழிகாட்டினாள். பிறகு இரண்டு பேரும் ஆடினார்கள். விரல் போன காலை இழுத்து இழுத்து, ஒரு தாளம்கூடத் தவறாமல் ஆடினார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது மனுஷனுக்கு. பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் யாருக்காக வீட்டை விட்டு வந்தேனோ அந்த ஆள் ஒரு பாட்டு நேரம் திரும்பி வந்திருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது.

பாட்டு முடிந்தது. ருத்தீலியோ கோப்பையோடு வந்தான். "அனுமதி இருக்கு!" என்று கத்தினான். மண்டபமே கைதட்டியது. கேக் செலவை ஏற்ற ஞானத்தாய், பூச் செலவை ஏற்ற ஞானத்தாய், எல்லாரும் சிரித்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கொடுமை.

இன்று காலை பூசைக்கு வரவில்லை. "நேத்துக்குத்தான அனுமதி?" என்றேன். "போ கிழவி, மிச்சம் இருக்கிறத வீணாக்கவா?" என்றார். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்டோபர் 14, திங்கள்

ஆறு மணிக்குப் போய்த் தட்டினேன். எழுந்திருக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்தேன், வந்தது. கம்பளி போர்த்திவிட்டேன்.

ஏழரைக்குப் போன் அடித்தது. எனக்கு முன்னால் யாரெலி எடுத்துவிட்டாள். கையால் போன் வாயை மூடிக்கொண்டு, "டேல் மா. முதுகுதான?" என்று கண்ணால் கேட்டாள்.

கையை நீட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "குடு" என்றேன். "உனக்கு இங்கிலீஷ் வராதே மா" என்றாள். பிடுங்கிக்கொண்டேன்.

ஒரு வாரமாகப் பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய சொற்கள்தான். "மை ஹஸ்பெண்ட் டிரங்க்" என்றேன். டேல் ஏதோ கேட்டார். "நோ சிக். டிரங்க்" என்றேன். பிறகு மெதுவாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. யாரெலியிடம் கேட்கவும் முடியாது, அவள் காதில் விழவில்லை.

திரும்பினால் அவள் என்னை யாரோ மாதிரி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "ஏம்மா இப்படிப் பண்ண? வேலை போயிடும்! நான் நல்லாத்தான சொல்லியிருப்பேன்!" அப்புறம் அழுதாள். டாக்டர் முன்னால் அழாதவள், பனியில் அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாதவள், தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட பஸ் வந்து நின்றுவிட்டுப் போனது.

அக்டோபர் 22

வேலை போய்விட்டது. ருத்தீலியோ ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. "சொந்தப் புருஷனக் காட்டிக்குடுத்தவ" என்று வாசலில் நின்று சொன்னான், எனக்குக் கேட்கட்டும் என்றே.

நவம்பர் 2

இறந்தவர்கள் நாள். கல்லறைக்குப் பூ கொண்டுபோனோம், நானும் யாரெலியும். என் அப்பா கல்லறை ஊரில் கிடக்கிறது. இங்கே கேட்பாரற்ற ஒரு கல்லறையைத் துடைக்கும்போது அடுத்தது எவோதியோதானோ என்ற நினைப்பு வந்துவிட்டது. செய்தது சரியா? மாதாவே, ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லேன். தினமும் குடிக்கிறார். இளைத்துவிட்டார். நான் யாரையும் காப்பாற்றவில்லை.

நவம்பர் 7, வியாழன்

கூட்டத்துக்குப் போனேன்.

நவம்பர் 16, சனி

மத்தியானம் பீன்ஸ் தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பேச்சுச் சத்தம். யாரெலி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கூடப் படிக்கிறவளாம். பெயர் சித்லாலி. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவள் ஒரு சிநேகிதியைக்கூட உள்ளே அழைத்து வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

கராஜிலிருந்து தகரம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அந்தப் பெண் நின்றுவிட்டாள். நான் கரண்டியும் கையுமாக ஓடினேன். ரேடியோ, பக்கத்து வீடு, நாய் என்று நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்துவிட்டது.

அதற்குள் யாரெலியே சொல்லிவிட்டாள். "அது எங்கப்பா. குடிச்சிருக்கார். உள்ள வரமாட்டார், நீ பயப்படாத. வா, செருப்ப அங்க விடு."

மழை வருகிறது என்று சொல்கிற குரல். எனக்கு முகம் எரிந்தது. அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்கவும் இல்லை.

மூன்று தட்டு மேஜையில் வைத்தேன். நாலாவது தட்டை மூடி எடுத்துக்கொண்டு நானே கராஜுக்குப் போனேன். கதவைத் தட்டி வாசலில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் கேட்டாள்.