தீபத்தன்று நான் வெட்டிய துண்டு

என் அருமை மாப்ளே குணா,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாததற்குத் துக்கம்தான் காரணம் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். பாதிதான் அது. மீதி பயம். உன் மொட்டை மாடியில் நான் செய்ததையும், அதற்கும் முன்னால் திருட்டுத்தனமாகச் செய்ததையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஊர் சமாச்சாரம். ஆசிரமப் பக்கத்துக் குரங்குகள் இந்த வருஷமும் என் அடீனியம் மொட்டுகளைக் கடித்துத் துப்பிவிட்டுப் போயின. தின்றாலாவது மனசு ஆறும். உங்கள் வேங்கிக்காலில் குரங்குத் தொல்லை கம்மி என்று சொல்லிச் சொல்லி என்னை வெறுப்பேற்றுவாயே, அந்தக் குரலுக்காகவே இன்னொரு கூட்டம் வந்தாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

செங்கம் ரோட்டு நர்சரியைத் தாண்டும்போது ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே நுழைவதில்லை என்று நாம் போட்ட ஒப்பந்தத்தைப் போன வாரம் மீறிவிட்டேன். இரண்டு செடி. ஒன்று ஆசைப்பட்டு வாங்கியது, மற்றது எப்படி வண்டியில் ஏறியது என்றே தெரியவில்லை. வீட்டில், “சும்மா குடுத்தாங்க” என்றேன். என் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நீ அவளிடம் சொல்லி வந்த அதே பொய். யார்தான் நம்பினார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மெழுகுப்பூக் கொடி. ஹோயா என்று நீ ஸ்டைலாகச் சொல்வாய். தடித்த இலை, மெழுகில் வார்த்த மாதிரி நட்சத்திரப் பூக்கள் கொத்தாக வரும் என்று போனில் படத்தைக் காட்டிக் காட்டியே எங்களை வாட்டினாய். ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்கார அம்மா ஊருக்குத் திரும்பும்போது உன்னிடம் கொடுத்தது. வேறு எந்தச் செடியில் துண்டு கேட்டாலும் வேரோடு பிடுங்கிக் கொடுப்பவன் நீ. இதில் மட்டும் கை வைக்க விடமாட்டாய். “எல்லார் வீட்டுலயும் இருந்துட்டா அப்புறம் எங்க வீட்டுக்கு எவன் வருவான் மச்சான்?” என்பாய்.

உன் வீட்டுக்கு வருவதற்கா ஆளில்லை? கார்த்திகை தீபத்தன்று நம் ஊரில் எந்த மொட்டை மாடியும் வீட்டுக்காரனுக்குச் சொந்தமில்லை. போளூர், ஆரணி, சேத்துப்பட்டு என்று எங்கிருந்தோ சொந்தக்காரர்கள் வந்து, மலையில் ஏற்றுகிற தீபத்தைப் பார்க்க மாடியேறிவிடுவார்கள். அவர்கள் நிற்பதற்காகத் தொட்டிகளையெல்லாம் சுவரோரம் ஒதுக்குவோம். மொட்டு வைத்த ஹோயாவை நகர்த்தினால் மொட்டு உதிரும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷம் நகர்த்தினாய், இரண்டு வருஷமும் உதிர்ந்தது. விருந்தாளியிடம் “தள்ளி நில்லு” என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தைய தீபம் ஞாபகம் இருக்கிறதா? மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் மொத்த மாடியும் கையைத் தூக்கி “அரோகரா” என்றது. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அந்த நேரத்தில்தான் என் சாவிக்கொத்தில் தொங்கும் நகவெட்டியால் உன் கொடியில் ஒரு சாண் வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டேன். போட்டுவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாக நானும் அரோகரா சொன்னேன்.

அதை என் வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தேன். நீ வரும்போதெல்லாம், “அந்தப் பக்கம் போகாத மாப்ளே, குளவி கட்டியிருக்கு” என்பேன். குளவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிறகு மாசியில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்த மறுநாள் மல்லிகா சொன்னாள்: “செடிங்கள நீ பாத்துக்கோண்ணா. என்னால மேல ஏற முடியல.”

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய்த் தண்ணீர் ஊற்றினேன். உனக்காகச் செய்ய வேறு என்ன இருந்தது? மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று என்று ஆயிரம் தடவை சொன்னவன் நீ. நான் விரலை விடவே இல்லை. இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து ஜாஸ்தி ஊற்றினேன். ஆனி மாதம் தண்டைத் தொட்டேன், வாழைப்பழம் மாதிரி குழைந்தது. வேர் முழுக்க அழுகிப்போயிருந்தது. உன் செடியைக் கொன்றது நான்தான், மாப்ளே.

மற்ற செடிகளைப் பற்றி மல்லிகா ஒரு வார்த்தை கேட்டதில்லை. தினமும் நான் மாடியிலிருந்து இறங்கும்போது, “அந்த மெழுகுப்பூ எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்பாள். முதல் கொத்து அவளுக்குத்தான் என்று நீ சொல்லி வைத்திருந்தாயாமே. “நல்லா இருக்கு” என்றேன். இரண்டு மாதம் அப்படியே சொன்னேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள், “ஞாயித்துக்கிழமை மேல ஏறலாம்னு இருக்கேன். அவரு செடிய ஒரு வாட்டி பாக்கணும்” என்றாள். ஒரே வழிதான் தோன்றியது. என் திருட்டுச் செடியைக் கொண்டுவந்து உன் தொட்டியில் வைத்துவிடுவது. அவளுக்கு வித்தியாசம் தெரியாது.

மறுநாள் டேங்குக்குப் பின்னால் போனேன். அந்தப் பக்கம் போயே பல வாரம் ஆகியிருந்தது. உன் செடியை நான் தண்ணீரில் மூழ்கடித்துக்கொண்டிருந்ததால் இது என் கைக்குத் தப்பியிருக்கிறது. தொட்டியைத் தூக்கக் குனிந்தபோது பார்த்தேன். இலைக்குக் கீழே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மொட்டுகள், ஒரு கொத்து.

தூக்கினால் மொட்டு போகும், ஆனால் நான் தப்பித்துவிடுவேன். தூக்காவிட்டால் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தொட்டியின் இரண்டு பக்கமும் கையை வைத்தபடி எவ்வளவு நேரம் குந்தியிருந்தேனோ, முழங்கால் மரத்துப்போனது. கடைசியில் கையை எடுத்தேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

ஞாயிறு காலையில் போனேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

“செத்துடுச்சா?”

“ஆமா. ஆனியிலயே.”

“ரெண்டு மாசமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னியே.”

அவள் கண்ணிலிருந்து நீர் அப்படியே நறுக்கிய பீன்ஸ் மேல் விழுந்தது. இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று திருட்டையும் சொல்லிவிட்டேன். அவள் தலை நிமிர்ந்தது.

“தீபத்தன்னிக்கா? எல்லாரும் அரோகரா போட்டுக்கினு இருக்கும்போது நீ கொடிய வெட்டிக்கினு இருந்தியா? இன்னாண்ணா நீ!”

சிரித்தாள், மாப்ளே. மாசிக்குப் பிறகு முதல் தடவை. சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, நானும் சேர்ந்து அழுதேன்.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் பூ விரிந்தது. மல்லிகா வந்து டேங்குக்கு எதிரே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெளிர் ரோஸ் நிறத்தில் சின்னச் சின்ன நட்சத்திரங்கள். போனில் பார்த்த படத்தில் வாசனை இல்லையே, இதில் இருந்தது. தேன் மாதிரி. அவள் பறிக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, “அவரு பாத்திருந்தா உன்ன அடிச்சிருப்பாரு” என்றாள். “அடிச்சிட்டு, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருப்பாரு, தன் செடின்னு.”

எழும்போது, “எனக்கு ஒரு துண்டு குடுண்ணா” என்றாள்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். “பூ முடியட்டும், பாக்கலாம்” என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் செடியில் திருடியவன் நான், கேட்பவள் உன் பெண்டாட்டி, அப்போதும் கை வரவில்லை! இத்தனை வருஷம் உன்னைக் கஞ்சன் என்று திட்டியதற்கு மன்னித்துவிடு. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றப் போனால், அவள் எனக்கு முன்னால் மாடியில் நிற்கிறாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தண்ணீரில் அழுகிச் செத்த மற்றச் செடிகளையும் பிடுங்கித் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். “நீ இனிமே தண்ணி ஊத்த வராதண்ணா. மிச்சம் இருக்கறதாவது பொழைக்கட்டும்” என்றாள். எனக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது.

அடுத்த வாரம் தீபம். வருஷம் திரும்பாததால் உன் வீட்டில் பண்டிகை இல்லை. ஆனாலும் மலையைப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க முடியுமா? “வரட்டும். ஒரு தொட்டிய நகத்தக் கூடாது. இருக்கற எடத்துல நின்னு பாக்கட்டும்” என்று இப்போதே எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். உனக்கு வராத வாய் அவளுக்கு வந்துவிட்டது.

இன்று காலையில் எனக்கும் போன் வந்தது. அவள் நட்ட துண்டில் முதல் இலை விட்டிருக்கிறதாம், நகத்தளவுக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் அடுத்ததைச் சொன்னாள்: “பக்கத்து வீட்டு அக்கா ஒரு துண்டு கேட்டாங்க. பெருசானதும் தரேன்னுட்டேன்.” பகீர் என்றது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்குமே? நம் இரண்டு பேருடைய வியாதி அவளிடம் இல்லை, மாப்ளே.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும், பூத்திருந்தாலும் மொட்டு விட்டிருந்தாலும், என் கொடியிலிருந்து வெட்டிக் கொடுப்பேன். இது என்ன செடி என்று கேட்டால் ஹோயா என்று சொல்ல மாட்டேன், மெழுகுப்பூ என்றும் சொல்ல மாட்டேன். குணா செடி என்றுதான் சொல்லிக் கொடுப்பேன்.

மல்லிகாவின் அண்ணன்,
உன் மச்சான் மூர்த்தி