வேண்டாமென்று விட்ட வியாபாரம்

பழைய கூட்டாளிக்கு,

நேற்று உன்னைத் திரையில் பார்த்தேன். கடை இரண்டாகப் பிரிந்த பிறகு உன் முகத்தை நான் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அங்கேதான். உலகக் குறும்பட விழாவில் தன் படமும் ஓடுகிறது என்று நம் தெருத் தையல்காரர் மகள் கூப்பிட்டிருந்தாள். நான் வருவேன் என்று தெரிந்து நீ வரவில்லையாம்.

ஒரு நாட்டுப் படத்தில் மீன் விற்கிறார்கள், இன்னொன்றில் பனியில் நின்று ரொட்டி விற்கிறார்கள். பேரம் படியாதபோது கடைக்காரன் முகம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அப்புறம் நம் தெரு வந்தது. எனக்கு ஆபரேஷன் ஆகிக் கடை மூடிக் கிடந்த வாரம் அவள் எடுத்தது.

ஒருவர் என் ஷட்டரைப் பார்த்துவிட்டு உன்னிடம் வருகிறார்.

"முக்கால் இஞ்ச் பைப் இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க அவர் வாடிக்கையாச்சே. அவசரமில்லேன்னா அவர் வந்ததும் அங்கயே வாங்கிக்கங்க."

அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, என் வாடிக்கையை நீ அள்ளுகிறாய் என்று உன் தங்கச்சியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல, பேசாம படுங்க" என்றாள் அவள்.

என் கடையும் படத்தில் தெரிவதால், அதை வெளியூர்களில் காட்ட நம் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான் போடுவேன் என்றேன். தையல்காரர் மகள் ஒப்புக்கொண்டாள். சனிக்கிழமை மாலைக் காட்சி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம். டிக்கெட் என் செலவு, டீ உன் செலவு.

இப்படிக்கு,
எதிர்க்கடைக்காரன்