அச்சில் நீ வெட்டிய எழுத்து

என் ஆசை அப்பாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். கரும்பு லோடு ஏற்றிவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாத மனுஷன் நீ. இப்போதாவது கேள்.

உன் செல்வி இன்று ரயில் பணிமனையில் வேலை பார்க்கிறாள். இரண்டு சக்கரங்களையும் கோத்து நிற்கும் அச்சுக்குள் ஒலியை அனுப்பி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் வேலை. நீ இருந்திருந்தால் மூங்கில்துறைப்பட்டு மில் வாசலில் காத்திருக்கும் டிராக்டர்காரர் ஒருவரையும் விட்டிருக்க மாட்டாய், சொல்லிச் சொல்லியே கொன்றிருப்பாய்.

அதே மில்லுக்குப் போகும் வழியில்தான் உன் டிரெய்லர் அச்சு முறிந்து, டிராக்டரையும் இழுத்துக் கவிழ்த்தது. முறிந்த இடம் நீ உளியால் "செ" என்று வெட்டிய இடம். திருடன் கழற்றி விற்றாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்று அடிப்பக்கமாக வெட்டினாய். "எம்பொண்ணு பேருதான் காவலு" என்று சிரித்தாய்.

எழவு வீட்டிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "பொண்ணு பேர வெட்னான். அந்த எழுத்துலயே உடைஞ்சி பூட்ச்சி பாரு. ராசி கெட்டது." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அம்மாவும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அப்பா. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் பணிமனையிலும் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றியதும் எந்தப் பெட்டியின் அச்சு என்று தெரிய, அதன் நடு உடம்பில் உளியால் ஒரு குறி போடுவார்கள். கூடாது என்பது விதி. "பெயிண்ட்டு ஆயில்ல அழிஞ்சிடுதும்மா, இன்னா பண்றது?" என்பார் ஃபிட்டர் கோவிந்தண்ணன். ஒருநாள் அப்படியொரு குறிக்குக் கீழே என் கருவி விரிசலைக் காட்டியது. அச்சை ஒதுக்கச் சொன்னேன். "இத்தினிக்கூண்டு கீறலுக்கா?" என்று சிரித்தார்கள்.

பேசிப் பயனில்லை, உன் அச்சையே கொண்டுபோய்க் காட்டுவோம் என்று ஊருக்கு வந்தேன். மோட்டார் கொட்டகையில் கிடந்த உன் அச்சுத் துண்டை எடுத்துத் துடைத்தேன். முறிந்த முகத்தில் உளி வெட்டை ஒட்டிய பாதி, தேய்ந்த அம்மிபோல வழுவழுவென்று இருந்தது. மிச்சம் சொரசொரப்பு. அந்த வழுவழுப்பு ஒரே நாளில் வந்ததில்லை. வெட்டில் பிறந்த விரிசல் ஒவ்வொரு லோடுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்போ உம் பேரால இல்லியாடி?"

"அத்தை பேர வெட்டியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்மா."

அம்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாவி மனுசா, ஆசையா வெட்னியே" என்றாள். என் மேல் இருந்த பழி உன் கைக்குப் போய்விட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாமோ? ஆனால் பணிமனையில் அந்த விரிசல் அச்சின் மேல் ஓடப்போவது, எத்தனையோ பேர் பிள்ளைகுட்டியோடு ஏறி உட்காரும் பெட்டி!

துண்டைச் சாக்கில் கட்டி, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, பணிமனை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கோவிந்தண்ணன் அந்த வழுவழுப்பை விரலால் தடவினார். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒதுக்கச் சொன்ன அச்சு பழைய இரும்புக்குப் போனது.

அன்றே எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்காதே. பல நாள் சண்டை போட்டேன். இப்போது அச்சின் முனையில், பாரம் வளைக்காத இடத்தில் முன்பே பொறித்திருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நடுவில், உளிக்குறிக்குப் பதிலாக, பெட்டியின் அடையாளம் எழுதிய ஒரு தகட்டுப் பட்டை மாட்டுகிறார்கள். மறந்துபோய் உளியைத் தூக்குகிறவரிடமிருந்து கோவிந்தண்ணனே பிடுங்கிவிடுகிறார்.

நம் ஊர்ப் பக்கம் தண்டவாளம் வந்துகொண்டிருக்கிறது, அப்பா. முதல் ரயிலில் அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைப்பேன். என் கைக்கு வரும் எந்த அச்சிலும் யார் பெயரையும், ஆசைக்காகக்கூட, வெட்ட விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

ராசி கெடாத உன் மகள்,
செல்வி