கொய்யாப்பழ நிறத்தில் நூல்

என் உயிரான அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளில் நான் எப்போதும் நல்ல பிள்ளையாகவே வந்துவிடுவேன். ஆசிரியையும் பாராட்டிவிடுவார். இதில் அப்படி எழுதமாட்டேன். உன்னிடம் பொய் சொன்னால் உனக்குத் தெரியாமலா போகும்?

முதலில் வீட்டுச் சேதி. அப்பா இன்னும் அதே பங்களாத் தோட்டத்தில்தான் வேலை பார்க்கிறார். நாங்களும் அதே அவுட்ஹவுஸில்தான் இருக்கிறோம். மார்கழி பிறந்துவிட்டது, விடியும்போது புல்தரையில் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி கிடக்கிறது. உன் பேரிக்காய் மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கிறது. ஆவணியில் அப்பாவுக்கு மறுபடி கல்யாணம் ஆயிற்று.

இதை உனக்குச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. வந்தவருக்கு ஊர் மலையடிவாரத்து ஆயக்குடி. இங்கே சித்தி என்று எழுதுகிறேனே தவிர, வாயால் ஒரு தடவைகூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "உங்களைத்தான்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

சித்தி வெயிலில் பிறந்து வளர்ந்தவர். ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாமல் மலையேறி வந்துவிட்டார். ஐப்பசி மழையிலேயே அவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. ஆணியில் தொங்கிய உன் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரை எடுத்து, "சும்மாதான கெடக்கு, போட்டுக்க" என்று அப்பா நீட்டினார். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். "அது எங்கம்மாவோடது!" என்று கத்தினேன்.

அப்பா கையை ஓங்கிவிட்டார். சித்திதான் குறுக்கே வந்தார். "விடுங்க, புள்ள பொருள்ல கை வைக்காதீங்க. எங்க ஊரு வெயிலு இன்னும் என் ஒடம்புல கெடக்கு. அது தை வரைக்கும் தாங்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

தாங்கவில்லை, அம்மா. நான் உன் ஸ்வெட்டரை என் தகரப்பெட்டியில் புத்தகங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்பாவுடைய துண்டுகள் இரண்டைத் தோளைச் சுற்றி முடிந்துகொண்டு, சித்தி வெள்ளனே எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறார். ஈர விறகு பிடிக்கும்வரை கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டேதான் நான் காப்பி குடித்தேன், பாடம் படித்தேன்.

இன்று காலை அப்பா என்னைத் தோட்டத்துப் பக்கம் தனியாகக் கூப்பிட்டுக் காசு கொடுத்தார். "சித்திக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடு தாயி. அவகிட்ட இன்னும் சொல்லலை. நெறம் நீயே பாத்து வாங்கு" என்றார். எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. இருக்கிறதிலேயே முரட்டு நூலாக, கழுத்தில் பட்டால் கடிக்கிற நூலாக, சாம்பல் நிறத்தில் வாங்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் பஜாருக்கு நடந்தேன்.

கம்பளி நூல் கடையில் இன்று பார்த்துப் புதுச் சரக்கு வந்திருந்தது. கடைக்காரர் அப்போதுதான் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐயோ அம்மா, அதை எப்படிச் சொல்வேன்! கிளிப்பச்சை, சாமந்தி மஞ்சள், கத்தரிப்பூ ஊதா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தது. பத்து நாளாகப் பனிமூட்டத்தையே பார்த்திருந்த கண்ணுக்கு அது தாங்கவில்லை. ஒரு சிட்டம் நூலுக்குள் விரலை விட்டேன். கோழிக்குஞ்சைப் பிடித்தாற்போல் இருந்தது.

மஞ்சளை ஊதாவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு பச்சையின் பக்கத்தில் வைத்தேன். எது எதற்குக் கரை, எது எதற்குப் பூ என்று மனசுக்குள் பின்னிப் பின்னிப் பிரித்தேன். மூட்டையின் அடியிலிருந்து ஒரு சிவப்பு வந்தது. ரோஜாவும் இல்லை, செங்கல்லும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் பழுத்த ஒரு நிறம். எடுத்துக் கழுத்தில் வைத்துப் பார்த்தேன். கடிக்கவே இல்லை.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "அப்படியே உங்கம்மாதான்! கழுத்துல வெச்சுப் பாக்காம ஒரு சிட்டம் எடுக்கமாட்டாங்க. ஏம்மா, நான் நூலு விக்கிறேனா, மாலை விக்கிறேனான்னு கேப்பேன்."

அப்போதுதான் உன் நினைவே எனக்கு வந்தது. அதுவரை வரவில்லை. நீ என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போன கடையில், நீ நின்ற பலகையில் நின்றுகொண்டு, உன்னை மறந்து நான் துள்ளிக்கொண்டிருந்தேன். நீ போய் ஒரு வருஷந்தானே ஆகிறது? இவ்வளவு சந்தோஷம் எனக்கு எங்கிருந்து வந்தது?

"யாருக்குப் பின்னப்போற பாப்பா?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது என்று எழுதினால் அது பாதி உண்மைதான். அந்தச் சிவப்பை வேறு யார் உடம்பிலும் நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

வீட்டில் சித்தி பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்தே வந்துவிட்டார். "அடியாத்தி, எங்க ஊருக் கொய்யாப்பழத்தைப் பொளந்து வெச்சாப்புல இருக்கே! யாருக்குக் கண்ணு?"

"எனக்கு."

"ஒன் நெறத்துக்கு நல்லா எடுப்பா இருக்கும்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலை எடுத்துக்கொண்டார்.

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றினால்தானே பின்னமுடியும்? நீ சுற்றும்போது நான் எதிரே உட்கார்ந்து, நூலை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு பிடித்திருப்பேன். இப்போது எனக்குப் பிடிக்க ஆளில்லை. நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றினேன். நூல் நழுவி விழுந்து சிக்காகிவிட்டது.

"நாற்காலிக்கு வளைஞ்சு குடுக்கத் தெரியுமா? இந்தா, எங்கிட்ட மாட்டு" என்று சித்தி எதிரே உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார். மாட்டினேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு அவர் கை ஆடி ஆடி நூல் தெறித்தது.

"ஆட்டாம வைங்க!" என்று அதட்டினேன்.

"நான் எங்க ஆட்டுறேன்? குளிருல்ல ஆட்டுது! முடிஞ்சா அதை அதட்டு பாப்பம்" என்றார்.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்தக் கைகளைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருந்தது. விரல் கணுக்களில் தோல் வெடித்து, அந்த வெடிப்புகளில் புது நூலின் பஞ்சு சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"இது உங்களுக்குத்தான்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "அடுத்த சிட்டம் இருக்கா கண்ணு? நல்ல சோலியா இருக்கே இது, ஒக்காந்த எடத்துல" என்று அவர் கேட்டார். அடுத்த சிட்டத்தை எடுத்து அவர் கையில் மாட்டினேன். அவமானத்தில் காது சுட்டது.

அம்மா, உன் ஸ்வெட்டரை நான் காப்பாற்றி வைத்திருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். யாரிடமிருந்து காப்பாற்றினேன்? குளிரில் நடுங்குகிற ஒருவரிடமிருந்தா? பனியில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி நிற்பதைப் பார்த்தால் நீ பேசாமல் போயிருப்பாயா? பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் உன் படத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த ஸ்வெட்டரில் இன்னும் உன் வாசம் இருக்கிறது. கொடுத்துவிட்டால் அடுப்புப் புகை ஏறி அது போய்விடும். அதை நினைத்தால் இந்த நிமிஷமும் கொடுக்க மனசு வரவில்லை. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

கொய்யாப்பழ நூலில் சித்திக்குத்தான் பின்னுவேன். அளவை அவரிடமே கேட்டு எடுப்பேன். கழுத்துப் பக்கம் நீ போடுகிற இரட்டைக் கரையைப் போடுவேன். அது முடிகிறவரை உன்னுடையதை அவர் போட்டுக்கொள்ளட்டும். பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டேன், இப்போது என் மடியில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் "சித்தி" என்று கூப்பிட்டுக் கொடுப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

விளக்கை அணைத்துவிட்டார்கள். நம் அறைக்கும் சேர்த்து ஸ்விட்ச் பங்களாவில்தானே இருக்கிறது, உனக்குத் தெரியுமே. பார்க்காமலே எழுதுகிறேன், வரி கோணலாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் பாயில் சித்தி புரளுவது கேட்கிறது, இன்னும் தூங்கவில்லை. காலைவரை எதற்கு? இப்போதே கொடுத்துவிடுகிறேன். இருட்டில் என் முகம் அவருக்குத் தெரியாது.

உன் வயிற்றில் பிறந்த மகள்,
கோமதி