தோணிக்காரருக்காக நீ போட்ட கையெழுத்து

நண்பா,

இன்று காலை ஒரு கட்சிக்காரர் வக்காலத்தில் பெருவிரல் பதித்துவிட்டுப் போனார். மைப்பெட்டியை மூடிய பிறகும் அதன் வாசனை அறையில் நின்றது. உடனே உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் தூத்துக்குடியில் நாம் இருவரும் ஒரே அறையில் மேசை போட்டு வக்கீல் தொழில் செய்தோம். கீழவைப்பார் தோணிக்காரர் ஒருவர் உன் கட்சிக்காரர். வீட்டைக் காலி செய்யும்படி அவருக்கு எதிராகத் தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. கொழும்புக்குப் போன தோணி வரவில்லை. அவர் மனைவி வாசலில் நின்று அழுதாள். நீ வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் அவர் கையெழுத்தை நீயே போட்டாய். நான் பார்த்தேன், தடுக்கவில்லை.

அந்தத் தேதியில் அவர் கடலில் இருந்ததை எதிர்த்தரப்பு கண்டுபிடித்துப் புகார் கொடுத்தது. சென்னையில் பார் கவுன்சிலின் ஒழுங்கு விசாரணை. சாட்சி சொல்ல எனக்கும் அழைப்பு வந்தது.

"நான் கவனிக்கலன்னு சொல்லிருதேன்" என்றேன்.

"ஏலே, போட்டது நான். பொய் சொல்லி நீயும் மாட்டணுமா? பாத்தத அப்படியே சொல்லு."

சொன்னேன். திரும்பும் ரயிலில் உன்னருகே உட்காரக் கூசி, கதவோரம் நின்றேன்.

"இங்கன வாலே. ஊரு வரைக்கும் நின்னுக்கிட்டேவா வருவ?" என்று நகர்ந்து இடம் விட்டாய்.

சில மாதங்களில் உன் பெயரை வக்கீல்கள் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாய்.

அந்தக் கையெழுத்தால் மேல்முறையீடு தள்ளுபடியாகியிருந்தது. தோணிக்காரர் வழக்கை என்னிடம் தந்தாய். அவர் கடலில் இருந்தார் என்ற உண்மையையே எழுதி, தாமதத்தைப் பொறுக்கக் கேட்டு மனுப் போட்டேன். நீதிபதி ஏற்றுக்கொண்டார். அதை உன்னிடம் வந்து சொன்னேன்.

"அந்த வழி எனக்கும் தெரியும்லே. அந்தம்மா அழுததப் பாத்ததும் புத்தியே ஓடல."

பிறகு மேல்முறையீட்டிலும் ஜெயித்தோம். வீடு அவர்களுக்கே நின்றது.

நீ தந்த வழக்குக் கட்டின் முதல் தாளில் பென்சிலால் எழுதியிருந்தாய்: 'இவருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் நின்று நிதானமாகக் கேள்.' உன் பெயரை நீக்கிய அதே வாரத்தில் எழுதியது அது.

நீ போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இன்றும் எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும், நான் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.