பூனை துரைக்குப் பதினைந்து நாள் அவகாசம் கோரி

அனுப்புநர்:
தையல்காரி,
கடைசி வீடு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
குடியிருப்பு அலுவலர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: சிறுநீர்ப்பை அழற்சியால் நோயுற்ற பூனையை மூன்று நாளில் வெளியேற்றும் உத்தரவை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தங்கையும் மேற்கண்ட வீட்டில் ஆறு ஆண்டுகளாகத் துணி தைத்துப் பிழைத்து வருகிறோம். எங்களிடம் ‘துரை’ என்ற நான்கு வயது ஆண் பூனை உள்ளது. அது மாடிப்படியிலும் எதிர்வீட்டு மிதியடியிலும் சிறுநீர் கழிப்பதாக எதிர்வீட்டு ஓட்டுநர் அண்ணன் அளித்த புகார் உண்மை. மறுக்கவில்லை.

2. சென்ற மாதம் எங்கள் சுவருக்கு அப்பால், குழாய் மாற்றத் துளைபோடும் வேலை தொடங்கியது. அன்று முதல் துரை தையல் இயந்திரத்தின் அடியிலேயே பதுங்கினான். தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. சிறுநீர் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டை விட்டுக் கண்ட இடத்தில் சொட்டுச் சொட்டாகப் போனான்.

3. கடந்த திங்கள் காலை வெட்டுத்துணிக் கூடையில் ஏறி முக்கினான். ஒரு சொட்டும் வரவில்லை. மலச்சிக்கல் என்றெண்ணி மதியம்வரை சும்மா இருந்துவிட்டேன். வயிறு கல்லாகி, வாந்தி எடுத்துச் சுருண்டபோது, புகார் கொடுத்த அதே அண்ணன்தான் வண்டியை எடுத்தார்.

கால்நடை மருத்துவர், “இது திமிர் இல்லம்மா, வலி. பயத்துலயே சிறுநீர்ப்பை வீங்கிடும். ஆண் பூனைக்கு வழி அடைச்சுட்டா உயிருக்கே ஆபத்து” என்றார். சிறுநீர் வழியில் மெல்லிய குழாய் செருகி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். ஈர உணவு, நிறையத் தண்ணீர், சுத்தமான தட்டு, சத்தமில்லாத மூலை வேண்டும் என்றார். இப்போது இடம் மாற்றினால் மீண்டும் அடைக்கக்கூடும் என்றும் எச்சரித்தார். வீடு திரும்பினால், கதவில் தங்கள் உத்தரவு.

4. நாளை மாலையுடன் கெடு முடிகிறது. அவன் தட்டில் ஏறினாலே தையல் நின்றுவிடுகிறது. நேற்று நான்கு முறை போனான். இன்று விடிந்ததிலிருந்து ஒரே முறை.

5. ஆகவே பதினைந்து நாள் அவகாசமும், துளைபோடும் முன் ஒரு நாள் முன்னறிவிப்பும் வேண்டுகிறேன். படிகளை நானே கழுவுகிறேன். மிதியடியும் மாற்றித் தந்தாயிற்று.

6. ஒன்றை மறைத்தால் இம்மனு பொய்யாகிவிடும். நோய் என்று அறியாமல், படியில் ஈரம் கண்ட அன்று, கொழுப்பெடுத்துச் செய்கிறானென்று துரையை அளவுகோலால் இருமுறை அடித்தேன். அவன் ஓடவில்லை, அங்கேயே குந்தி மறுபடி முக்கினான். நான் தெரியாமல் செய்துவிட்டேன். தாங்கள் தெரிந்தபின் செய்யவேண்டாம் எனக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: மருத்துவர் சீட்டு; புகாரைத் திரும்பப் பெறும் ஓட்டுநர் அண்ணனின் கடிதம்.

இடம்: இரண்டாம் மாடி
நாள்: வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி

இப்படிக்கு,
(ஒப்பம்)
கடைசி வீட்டுத் தையல்காரி